பின்னின்று காத்த பெருவீரர்

விளையாட்டொன்று முடிந்து மக்கள் மைதானத்தை விட்டுக் கலைந்து செல்லும் வேளையில், அவர்தம் பேச்சைச் சற்றுச் செவிமடுத்தால் ஓர் உண்மை புலனாகும். கோல் அடித்தவன் பெயரே எல்லார் வாயிலும் இருக்கும். எதிரணியினர் பாய்ந்து வந்தபோதெல்லாம் குறுக்கே நின்று பந்தைப் பறித்து, வந்த வழியே திருப்பி அனுப்பிய பின்காப்பாளன் பெயரை எடுத்துரைப்பார் அரியர். அடித்த கோல்களுக்குக் கணக்கு உண்டு; அடிக்கவிடாது தடுத்த கோல்களுக்குக் கணக்கு எழுதுவார் இல்லை. எமது வாவியின் முகத்துவாரத்திற் கிடக்கும் மணற்றிட்டை யாரும் புகழ்ந்து பாடுவதில்லை. எனினும் கடலின் சீற்றத்தை முதலில் ஏற்பது அதுவேயன்றோ?

இவ்வாறு பின்னின்று காக்கும் பணியை விளையாட்டுக் களத்திலும், பின்னர் அதனினும் பெரியதொரு களத்திலும் ஆற்றிய ஒருவரின் வரலாற்றை எமது கல்லூரியின் இம்மலரிற் கூற விழைகின்றோம். அவர் 1928ஆம் ஆண்டு ஒலிம்பிக் விழாவில் இந்திய ஹொக்கி அணிக்குத் தலைமை தாங்கிய ஜெய்ப்பால் சிங் ஆவர். ஹொக்கி என்றவுடன் தியான் சந்தின் பெயரை அறியாத மாணவர் இலர். அவர்தம் அணித்தலைவரின் பெயரை அறிந்தோர் சிலரே.

முதற்கண் பின்காப்பாளரின் கடமை யாதெனக் கூறுவாம். அக்கால ஹொக்கியில் அணிக்குப் பதினொருவர். முன்னணியில் ஐவர், நடுவில் மூவர், அவர்க்குப் பின்னே இருவர், எல்லார்க்கும் பின்னே கோல் காப்பாளர் ஒருவர் என நிற்பது வழக்கம். பின்னே நிற்கும் இருவரே பின்காப்பாளர். முன்னணி வீரன் பத்துமுறை முயன்று ஒருமுறை வென்றாலும் புகழ் பெறுவான். பின்காப்பாளனோ பத்துமுறை வென்று ஒருமுறை தவறினாலும் பழி ஏற்பான். அவனுக்கு வேண்டுவன மூன்று. எதிரியின் காலையோ உடலையோ தீண்டாது பந்தை மட்டும் கவர்ந்தெடுக்கும் கைத்திறன் ஒன்று. கவர்ந்த பந்தைத் தன் அணியினன் நிற்கும் இடம் நோக்கி வலுவாகவும் நேராகவும் அடிக்கும் ஆற்றல் இரண்டாவது. எல்லாவற்றினும் மேலாக, ஆட்டம் முழுவதையும் கண்முன் கண்டு, பதற்றமின்றி முடிவு செய்யும் நிதானம் மூன்றாவது. ஜெய்ப்பால் சிங்கின் ஆட்டத்தைக் கண்டோர் இம்மூன்றையுமே அவரிடம் விதந்து பாராட்டினர்.

ஜெய்ப்பால் சிங் 1903ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 3ஆம் நாள், இன்று ஜார்க்கண்ட் மாநிலம் எனப்படும் பகுதியில், ராஞ்சிக்கு அண்மையிலுள்ள குந்தி வட்டாரத்துத் தக்ரா என்னும் சிற்றூரிற் பிறந்தார். பெற்றோர் அவருக்கு இட்ட பெயர் பிரமோத் பாகன் என்பது. அவர் முண்டா என்னும் பழங்குடியைச் சேர்ந்தவர். அக்குடியினர் தம் நிலங்களைப் பறிகொடுத்த துயர் தாங்காது, பிர்சா முண்டா என்னும் இளைஞரின் தலைமையில் ஆங்கில ஆட்சியை எதிர்த்து எழுந்தது 1899ஆம் ஆண்டின் இறுதியிலாகும். பிர்சா 1900ஆம் ஆண்டில் ராஞ்சிச் சிறையில் உயிர்நீத்தார். அதற்கு மூன்று ஆண்டுகளின் பின்னர்ப் பிறந்தவரே எம் கட்டுரைத் தலைவர். இளமையில் வீட்டு மாடுகளை மேய்த்துத் திரிந்த அச்சிறுவர், ராஞ்சியில் ஆங்கிலத் திருச்சபையினர் நடத்திய தூய பவுல் பாடசாலையிற் சேர்க்கப்பட்டார். அங்கே அவர்தம் அறிவையும் விளையாட்டுத் திறனையும் கண்டு வியந்த தலைமை ஆசிரியர் கொஸ்கிரேவ் பாதிரியார், 1918ஆம் ஆண்டில் அவரைத் தம்முடன் இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்றார். ஓர் ஆசிரியரின் கண் ஒரு மாணவன்மேற் பட்டதனால் விளைந்த பயனை இவ்விடத்தில் ஆசிரியராகிய நாம் சிந்தித்தல் தகும்.

கான்ரபரியிற் சிலகாலம் பயின்றபின், ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்துத் தூய யோவான் கல்லூரியிற் சேர்ந்து பொருளியலிற் சிறப்புப் பட்டம் பெற்றார். படிப்புடன் ஹொக்கியும் வளர்ந்தது. ஒக்ஸ்போர்ட் அணிக்காக ஆடி, அப்பல்கலைக்கழகம் சிறந்த வீரர்க்கு அளிக்கும் 'நீலம்' என்னும் விருதை ஹொக்கியிற் பெற்ற முதல் இந்திய மாணவரானார். ஆங்கிலப் பத்திரிகைகளுக்கு ஹொக்கி பற்றிக் கட்டுரைகளும் எழுதிவந்தார். கல்லூரியின் விவாதக் கழகத்திலும் முன்னின்றார். பின்னாளில் அரசியல் மன்றில் அவர் எழுப்பிய குரலுக்கு அக்கழகமே பயிற்சிக்களமாய் அமைந்தது எனலாம்.

அந்நாளில் ஓர் இந்திய இளைஞன் எய்தக்கூடிய உச்சிப் பதவி எனக் கருதப்பட்டது இந்தியச் சிவில் சேவையாகும். கலெக்டர் பதவியும், பெருஞ்சம்பளமும், ஓய்வூதியமும், ஊரார் எழுந்து நின்று வழிவிடும் மதிப்பும் அதனுள் அடங்கும். அதற்கு ஜெய்ப்பால் சிங் தெரிவு செய்யப்பட்டு, இங்கிலாந்திலேயே பயிற்சி பெற்றுவந்தார். அவ்வேளையிலேதான் 1928ஆம் ஆண்டு ஒலிம்பிக் விழா குறுக்கிட்டது.

ஹொக்கி 1908ஆம் ஆண்டிலும் 1920ஆம் ஆண்டிலும் ஒலிம்பிக் விழாவில் இடம்பெற்றிருந்தது. இருமுறையும் பிரித்தானிய அணியினரே வென்றனர். 1924இல் அவ்விளையாட்டு விலக்கப்பட்டு, 1928இல் ஹொலண்ட் நாட்டின் அம்ஸ்டர்டாம் நகரில் மீண்டும் சேர்க்கப்பட்டது. இந்திய ஹொக்கிச் சம்மேளனம் 1925இல் தோன்றிய இளம் நிறுவனம். அது அனுப்பிய அணியினர் மார்ச்சுத் திங்களிற் பம்பாயிற் கப்பலேறியபோது வழியனுப்ப வந்தோர் மூவரே என்பர். அணியிற் பெரும்பாலார் ஆங்கிலோ இந்தியர். ஏனையோர் சீக்கியரும் முஸ்லிம்களும் இந்துக்களுமாவர். இங்கிலாந்தில் இருந்த ஜெய்ப்பால் சிங் அவர்க்குத் தலைவராகக் குறிக்கப்பட்டார். காட்டுப்புறத்துச் சிற்றூரில் மாடு மேய்த்த முண்டாச் சிறுவர், தம் இருபத்தைந்தாம் வயதில் ஒரு நாட்டின் அணித்தலைவரானார்.

தலைமை ஏற்க விடுப்பு வேண்டும். பயிற்சியை மேற்பார்வை செய்த இந்தியா அலுவலகத்தார் விடுப்பு மறுத்தனர். ஒருபுறம் வாழ்நாள் முழுவதும் கவலையின்றி இருக்கச் செய்யும் பதவி. மறுபுறம் ஒரு திங்களில் முடிந்துவிடும் விளையாட்டு. உலகியலறிந்தோர் எதனைத் தெரிந்தெடுப்பர் என்பதைக் கூறவேண்டுவதில்லை. ஜெய்ப்பால் சிங் விடுப்பின்றியே அம்ஸ்டர்டாம் சென்றார்.

அவ்விழாவிலே இந்திய அணியினர் ஆடிய ஆட்டங்கள் ஐந்து. மே மாதம் 17ஆம் நாள் ஒஸ்திரியாவை 6 கோல்களாலும், மறுநாள் பெல்ஜியத்தை 9 கோல்களாலும், 20ஆம் நாள் டென்மார்க்கை 5 கோல்களாலும், 22ஆம் நாள் சுவிற்சர்லாந்தை 6 கோல்களாலும் வென்றனர். 26ஆம் நாள் நடந்த இறுதி ஆட்டத்தில் விழா நடத்திய ஹொலண்ட் அணியையே 3 கோல்களால் வென்று தங்கப் பதக்கம் பெற்றனர். ஆக அடித்தவை 29 கோல்கள். அவற்றுள் 14 தியான் சந்த் என்னும் ஒருவரே அடித்தவை. இவ்வெண்களை நூல்கள் யாவும் எடுத்துரைக்கும். ஆனால் அவற்றின் பக்கத்தே நிற்கும் மற்றோர் எண்ணை நாம் நோக்குதல் வேண்டும். இந்தியா வாங்கிய கோல்கள் எத்தனை? ஒன்றேனும் இல்லை. ஐந்து ஆட்டங்களிலும் ஒரு கோலும் வாங்காத அணி அது. கோல் காப்பாளர் ரிச்சர்ட் அலனும், பின்காப்பாளர் ரொக், ஹமண்ட், ஜெய்ப்பால் சிங் ஆகியோரும், அவர்க்கு முன்னே நின்ற நடுவரிசையினரும் சேர்ந்து எழுப்பிய மதில் அது. வெற்றிக்குரிய அந்தச் சுழியத்தை யாரும் ஒருவர் பெயரில் எழுதுவதில்லை.

இறுதி ஆட்டத்தில் ஜெய்ப்பால் சிங் களத்தில் இல்லை. அணியை நடத்திச் சென்றோருடன் ஏற்பட்ட மனவேற்றுமையே காரணம் எனக் கூறுவர். துணைத்தலைவர் பினிகர் அன்று தலைமை தாங்கினார். ஒலிம்பிக் விழாவில் இந்தியா பெற்ற முதல் தங்கப் பதக்க வெற்றியின் நிறைவு வேளையில், அவ்வணியின் தலைவர் அங்கு நின்று கைதட்டல் பெறவில்லை. பின்காப்பாளரின் வாழ்வு பெரும்பாலும் இத்தகையதே போலும்!

அந்த வெற்றியின் பயன் எம் நாட்டுக் கரையையும் எட்டியது. அடுத்த விழாவுக்காக 1932ஆம் ஆண்டில் லொஸ் ஏஞ்சல்ஸ் நோக்கிப் புறப்பட்ட இந்திய அணி, வழியிற் கொழும்பில் இறங்கி இலங்கை அணியுடன் ஆடி எளிதில் வென்று சென்றது. அவ்விழாவில் அமெரிக்காவை 24 கோல்களுக்கு 1 என்ற கணக்கில் வென்றது.

அமெரிக்கா என்றவுடன், அதே காலத்து அமெரிக்கப் பின்காப்பாளர் ஒருவரின் வரலாறும் நினைவிற்கு வருகின்றது. அங்கே விரும்பி ஆடப்படுவது புல்தரை ஹொக்கியன்று. உறைந்த பனித்தளத்தில், பாதங்களிற் சறுக்கு இரும்புகள் பூட்டி, பந்துக்குப் பதிலாகக் கரிய இறப்பர் வட்டினை அடித்து ஆடும் ஹொக்கியாகும். அதில் அணிக்கு அறுவரே ஆடுவர், பின்காப்பாளர் இருவர். எதிரியைத் தோளால் மோதி நிறுத்தவும் விதி இடங்கொடுக்கும். 1900ஆம் ஆண்டில் மிச்சிகன் மாநிலத்தில், பேரேரிகள் கூடும் ஆற்றங்கரை ஊரொன்றிற் பிறந்த கிளரன்ஸ் ஏபெல் என்பார், 1924ஆம் ஆண்டு குளிர்கால ஒலிம்பிக் விழாவில் வெள்ளிப் பதக்கம் பெற்று, 1926 முதல் நியூயோர்க் அணியிற் சம்பளம் பெற்று ஆடும் தொழில்முறை வீரரானார். ஜெய்ப்பால் சிங் அம்ஸ்டர்டாம் சென்ற அதே 1928ஆம் ஆண்டில் ஏபெலின் அணி ஸ்டான்லிக் கிண்ணத்தை வென்றது. பின் சிக்காகோ அணியிற் சேர்ந்து 1934இலும் அக்கிண்ணத்தை வென்றார். கனடா நாட்டாரே நிறைந்திருந்த அத்தொழிற் களத்தில் நிலைத்து நின்ற முதல் அமெரிக்கருள் அவர் ஒருவர்.

அவருடைய தாயார் ஒஜிப்வே என்னும் அமெரிக்கப் பழங்குடியைச் சேர்ந்தவர். அக்குடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, தொலைவிலுள்ள விடுதிப் பாடசாலைகளில் அடைத்து, தாய்மொழியையும் வழக்கத்தையும் மறக்கச் செய்த காலம் அது. அதற்கு அஞ்சிய பெற்றோர் பிள்ளைகளை வெள்ளையர் எனவே காட்டி வளர்த்தனர். ஏபெல் விளையாடிய நாள் முழுவதும் தம் குடிப்பிறப்பை மறைத்தே வாழ்ந்தார். 1939ஆம் ஆண்டில் தாயார் இறந்தபின்னரே அதனை வெளிப்படையாக ஒப்பினார். இதனை அவர்மேற் குற்றமாகக் கூறுகின்றோமல்லோம். தன்னைக் காத்துக்கொள்ள வேறு வழியின்றி நின்றவரின் நிலை அது. குற்றம் அவரை மறைக்கச் செய்த உலகின்மேலதே.

அதே 1939ஆம் ஆண்டில் ஜெய்ப்பால் சிங் என்ன செய்தார் என்பதை இனி நோக்குவாம். அம்ஸ்டர்டாமிலிருந்து மீண்டபோது, விடுப்பின்றிச் சென்றமையால் மேலும் ஓராண்டு பயிற்சி பெறவேண்டுமென அவருக்கு ஆணையிடப்பட்டது. அவர் அதற்கு இணங்காது சிவில் சேவையைத் துறந்தார். கல்கத்தாவிற் பர்மா ஷெல் எண்ணெய்க் கம்பனியில் அலுவல் ஏற்றார். மோகன் பகான் கழகத்தின் ஹொக்கி அணியை அமைத்து வளர்த்தார். பின்னர் ஆசிரியத் தொழிலை மேற்கொண்டு, ஆபிரிக்காவின் பொற்கரை நாட்டில் அச்சிமோட்டாக் கல்லூரியிலும், ராய்ப்பூரில் ராஜகுமார் கல்லூரியிலும் பணிபுரிந்தார். பிக்கானீர் சமத்தானத்தில் உயர்பதவியும் வகித்தார். இவ்வாறு பல துறைகளிற் சென்ற அவரை இறுதியில் ஈர்த்தது தாம் பிறந்த மண்ணே. 1939ஆம் ஆண்டில் ராஞ்சியிற் கூடிய ஆதிவாசி மகாசபையின் தலைமையை ஏற்றார். அன்றுமுதல் அவர் அம்மக்களுக்குப் பின்காப்பாளராய் நின்றார்.

1946ஆம் ஆண்டு டிசம்பர் 19ஆம் நாள், இந்திய அரசியல் நிர்ணய சபையில் அவர் ஆற்றிய உரை வரலாற்றில் இடம்பெற்றது. தம்மை 'ஜங்லி' என்றே கூறிக்கொண்டு, அப்பெயரிற் பெருமை கொள்வதாக அவர் அறிவித்தார். தம் மக்கள் ஆறாயிரம் ஆண்டுகளாக இழிவுபடுத்தப்பட்டு வந்தனர் என்றும், அவர்க்குக் குடியாட்சியை யாரும் கற்பிக்க வேண்டுவதில்லை, அதனை அவரிடமிருந்தே ஏனையோர் கற்றல் வேண்டும் என்றும் கூறினார். அச்சபையிற் பெண்கள் போதியளவு இல்லை என்பதையும் அன்றே சுட்டிக்காட்டினார்.

தமிழாசிரியராகிய எமக்கு இவ்விடத்திற் சொல்லொன்று சிந்தனையைத் தூண்டுகின்றது. வடநாட்டில் 'ஜங்லி' என்பது நம்மவர் 'காட்டான்' என வைவது போன்ற வசைச்சொல். தம்மேல் எறியப்பட்ட கல்லையே எடுத்துத் தம் வீட்டுக்கு அடிக்கல்லாக்கியவர் ஜெய்ப்பால் சிங். 'வனத்துச் சாதியார்' எனப் பொருள்படும் சொல்லைச் சட்டத்தில் வழங்க முற்பட்டபோதும் அவர் அதனை ஏற்காது, முதற்குடிகள் எனப் பொருள்படும் 'ஆதிவாசி' என்ற சொல்லே வேண்டுமென வற்புறுத்தினார். ஒரு மக்களை எப்பெயரால் அழைக்கின்றோமோ அப்பெயரே அவர்க்கு நாம் தரும் இடத்தையும் காட்டிவிடும். தமிழிலோ 'பழங்குடி' என்பது இழிசொல்லன்று. தொன்மையும் மேன்மையும் உடைய குடி என்பதே அதன் பொருள். நிலத்தை ஐந்தாக வகுத்த நம் முன்னோர் மலையும் மலைசார்ந்த இடமுமாகிய குறிஞ்சிக்கும் இடம் வகுத்து, அந்நிலத்துத் தெய்வமாகச் சேயோனை வைத்துப் போற்றினர்.

இது மட்டக்களப்பாராகிய எமக்கு நூலளவிற் கற்கும் செய்தியன்று. வாவியின் மேல்கரையிலே சின்னக் கதிர்காமம் எனப் போற்றப்படும் மண்டூரில் முருகப் பெருமானை வழிபடுகின்றோம். அப்பெருமான் மணந்த வள்ளியம்மையை வேடர்குலக் கொடி எனக் கைகூப்பித் தொழுகின்றோம். ஆனால் வாவிக்கு வடபால் வாகரைப் பகுதியில், நம் தமிழையே பேசி, கடலையும் காட்டையும் நம்பி வாழும் கரையோர வேடர் மரபினரை எவ்வாறு நோக்குகின்றோம்? அவர் வழிவந்த மாணவன் ஒருவன் நகரப் பாடசாலையில் வந்து அமர்ந்தால், தன் குடியைத் தலைநிமிர்ந்து கூறுவானா, அன்றி ஏபெலைப் போல் மறைப்பானா? அவன் எதனைச் செய்வான் என்பது அவனுடைய துணிவை மட்டும் பொறுத்ததன்று. பக்கத்து வாங்கில் இருக்கும் மாணவனையும், முன்னே நிற்கும் ஆசிரியரையும் பொறுத்தது. இதனைப் பழைய மாணவரும் ஆசிரியரும் எண்ணிப் பார்த்தல் நன்று.

ஜெய்ப்பால் சிங் 1950இல் ஜார்க்கண்ட் கட்சியை அமைத்தார். 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் அக்கட்சி பீகார்ச் சட்டசபையில் முப்பதுக்கு மேற்பட்ட இடங்களைப் பெற்று முதன்மையான எதிர்க்கட்சியாயிற்று. அவ்வாண்டு முதல் தம் இறுதிக்காலம்வரை அவர் இந்திய மக்களவையின் உறுப்பினராக இருந்தார். எனினும் தம் மக்களுக்குத் தனி மாநிலம் வேண்டுமென்ற அவர் கோரிக்கை 1955இல் மாநிலச் சீரமைப்புக் குழுவினரால் ஏற்கப்படவில்லை. 1963இல் அவர் தம் கட்சியைக் காங்கிரசுடன் இணைத்தார். அதனைப் பெரும் பிழை எனக் கண்டித்தோர் அவருடைய மக்களிடையே பலர். களத்திற் பின்காப்பாளன் ஒருமுறை தவறினும் பழி ஏற்பான் என முன்னர்க் கூறினோம். அது அவர்க்கு அரசியலிலும் வாய்த்தது. 1970ஆம் ஆண்டு மார்ச்சு 20ஆம் நாள் தில்லியில் அவர் மறைந்தார். அதற்கு முப்பது ஆண்டுகளின் பின், பிர்சா முண்டாவின் பிறந்தநாளாகிய நவம்பர் 15ஆம் நாளிலே, 2000ஆம் ஆண்டில் ஜார்க்கண்ட் மாநிலம் உதயமாயிற்று. ராஞ்சி அதன் தலைநகர்.

பதவியைத் துறந்து தம் மக்களுக்கு உழைத்தோர் வரலாறு எம் மண்ணுக்குப் புதியதன்று. காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகளார், இலண்டன் விஞ்ஞானப் பட்டமும் கல்லூரி அதிபர் பதவியும் பெற்றிருந்தும், 1922இல் அவற்றை விட்டு இராமகிருஷ்ண மடத்திற் சேர்ந்து, 1929இற் கல்லடி உப்போடையிற் சிவானந்த வித்தியாலயத்தைத் தோற்றுவித்தமை யாவரும் அறிந்ததே. துறை வேறாயினும் உள்ளம் ஒன்றே.

மாணவர்க்கு ஒன்று கூறுவோம். விளையாட்டு படிப்பைக் கெடுக்குமென அஞ்சும் பெற்றோர் இன்றும் பலர் உளர். பரீட்சை நெருங்கியதும் திறமை மிக்க பிள்ளையை மைதானத்திலிருந்து நிறுத்திவிடுவதை ஆண்டுதோறும் காண்கின்றோம். ஒக்ஸ்போர்டிற் சிறப்புப் பட்டமும் ஹொக்கி நீலமும் ஒருங்கே பெற்றவரின் வரலாறு அவ்வச்சத்துக்குத் தக்க விடையாகும். அன்றியும், பந்து தம்மிடம் வரும்வரை பொறுத்திருத்தல், வந்தபோது பின்வாங்காமை, பறித்த பந்தைத் தாமே கொண்டோடாது அடுத்தவனுக்குக் கொடுத்தல் என்பவற்றை அவர் கற்றது மைதானத்திலேதான்.

எமது கல்லூரியின் சுவர்களிலே அணித்தலைவர்களின் பெயர்ப் பலகைகள் தொங்குகின்றன. கிண்ணம் வென்ற ஆண்டுகள் பொன்னெழுத்திற் பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றை நோக்கும் இளையோர், அவ்வாண்டுகளிற் பின்னே நின்று காத்தவர் யாவரெனப் பழைய மாணவரிடம் கேட்டறிவாராக. அவர்களுட் பலர் இந்த விழாவுக்கு வந்திருப்பர். மண்டபத்தின் பின்வரிசையிலேயே அமர்ந்திருப்பர்.